நாயின் நமைச்சல்

சுனாபட்டி என்ற பெயரைத் தமிழில் சொன்னால் சுண்ணாம்புக் காளவாய் என்று வரும். இன்று அங்கே ரயிலை விட்டு இறங்குவோர் காண்பது காளவாயை அன்று. நெருக்கமான சால்களையும் அடுக்குமாடி வீடுகளையுந்தான். இரண்டு அறையிலே நான்கு பேர் வாழ்ந்து, ஐந்தாவதாக ஒரு சிறு நாயையும் வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உண்டு. எங்கள் வீடும் அத்தகையதே. பொமரேனியன் என்று சொல்லி எங்களுக்கு அதைக் கொடுத்தார்கள். நம்மவர் அப்பெயரிட்டு வளர்ப்பவற்றுள் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வகை என்பது பின்னரே தெரிந்தது. எடை ஐந்து கிலோ, பெயர் மணி.

ஒரு ஜூலை மாதத்தில், மழை விடாது பெய்துகொண்டிருந்த நாட்களில், மணி சொறிந்துகொள்ளத் தொடங்கியது. முதலில் காது, பிறகு வயிறு, பிறகு இரவெல்லாம் பாதத்தை நக்கும் ஓசை. அடுத்த வீட்டு அம்மையார் திருநெல்வேலிப் பக்கத்தவர். "அண்ணாச்சி, கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவுங்க, எல்லாம் ஓடிப்போகும்" என்றார். அதை நான் செய்யவில்லை. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத வேறொரு தவற்றைச் செய்தேன். எனக்குப் படை வந்தபோது கடையிலே சீட்டில்லாமல் வாங்கிய களிம்பு அலமாரியில் இருந்தது. அதையே எடுத்துத் தடவினேன். மூன்று நாளில் சிவப்பு தணிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் முதுகிலே வட்டம் வட்டமாக முடி உதிர்ந்தது. நான்காவது வாரத்தில் என் இளைய மகளின் முழங்கைக்கு மேலே அதே வட்டம் தோன்றியது.

மிருக வைத்தியர் முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியிலே பார்த்துவிட்டு, "இது பூஞ்சை; ஒவ்வாமையன்று. உங்கள் களிம்பிலே ஸ்டீராய்டு இருந்திருக்கும். அது சிவப்பை மறைக்கும், பூஞ்சைக்கோ வழி திறந்துவிடும்" என்றார். மேலும், நாய் தடவிய இடத்தையெல்லாம் நக்கிவிடுமாதலால், தோலுக்குப் பூசுவது வயிற்றுக்கும் போகிறது. ஐந்து கிலோ உடம்பிலே அதன் அளவு எவ்வளவு என்பதை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

உறவினர் ஒருவர் நாயை எங்கேனும் சந்தைப் பக்கம் விட்டுவிடச் சொன்னார். குழந்தைக்குத் தொற்றியபின் அவர் பேச்சைக் குற்றம் சொல்வதற்கில்லை. எனினும், பட்டினியால் வருந்தும்படி மிருகத்தைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்துக்காக மாநிலங்கள் அவையிலே முதலில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்தாம். வீட்டிலே நடந்ததோ சட்ட விவாதமன்று. மகள் இரண்டு நாள் சாப்பிட மறுத்தாள், நாய் இருந்தது. மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டினோம். மணிக்கு மருந்துக் குளியலும் மாத்திரையும். உதிர்ந்த முடியை நாள்தோறும் பெருக்கி எடுப்பதே பெரிய வேலையாயிற்று. இருவரும் குணமாக இரண்டு மாதம் ஆயிற்று.

இவ்வளவும் சொல்வதன் காரணம், அரிப்பு என்பது ஒரு நோயின் பெயரன்று என்பதுதான். உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி, பூஞ்சை, உணவு, தூசி ஆகிய அனைத்தும் நாயின் உடம்பிலே ஒரே விதமாகத்தான் பேசுகின்றன. தெள்ளு உண்டா என்பதை வீட்டிலேயே அறியலாம். நெருங்கிய பல்லுள்ள சீப்பினால் வாலடியை வாரி, விழும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளிலே தேய்த்துப் பாருங்கள். செந்நிறம் படர்ந்தால் அது தெள்ளின் கழிவு. உள்ளே இருப்பது நாயின் இரத்தம். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. இரண்டு மூன்று கடியே போதும். தெள்ளின் முட்டையும் கூடும் பெரும்பாலும் தரையிடுக்கிலும் பாயிலுமே கிடப்பதால், நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. காதோரமும் முழங்கையும் தடித்து, வீட்டாருக்கும் அரித்தால் சொறிப்பூச்சி என்று சந்தேகிக்கலாம்.

அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. நாம் ஒவ்வாமை என்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, மூலத்தைக் காட்டிலும் தமிழ்ச்சொல்லே பொருளை நன்கு உணர்த்துவதாகத் தோன்றுகிறது. தூசியிலும் குற்றமில்லை, நாயினிடத்தும் குற்றமில்லை. ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவே. இவ்வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே தொடங்கும். பாதம், காது, வயிறு, அக்குள் ஆகிய இடங்களில் காணும். இதை வேரோடு போக்க இயலாது; அடக்கி வைக்கலாம். அரிப்பைத் தணிக்கும் நல்ல மாத்திரைகள் இப்போது உண்டு. ஆனால் அவற்றை எடையும் வயதும் பார்த்து வைத்தியரே தரவேண்டும்.

நம் கையில் உள்ளவை சில. மனிதர் சோப்பு வேண்டாம். நாயின் தோல் நம் தோலினும் மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் வேறு. வெதுவெதுப்பான நீரிலே குளிப்பாட்டி, மருந்து ஷாம்புவானால் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலச வேண்டும். மழைக்காலத்திலே குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவது முக்கியம். அடர்ந்த முடிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளியே போய் வந்ததும் பாதங்களை, விரலிடுக்கு உட்பட, துடைத்து உலர்த்துங்கள். சிறு நாயின் வயிறு தரையை ஒட்டியிருப்பதால் பினாயில் தெளித்த ஈரத்தரையிலே அதை நடக்கவிடாதீர்கள். மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

உணவினால் வந்ததோ என்று ஐயம் இருந்தால், வைத்தியர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாதவை. தயிர்சாதத்திலே வளரும் நம் வீட்டு நாய்க்குப் பால்பொருளை நிறுத்துவது எளிதன்று. அதைவிடக் கடினம், டீயில் நனைத்த ரஸ்க்கை மேசைக்கடியிலே நீட்டும் தாத்தாவைத் தடுப்பது. ஒரு துண்டு போனாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான்.

சுனாபட்டிக்காரருக்குப் பரேல் தூரமில்லை. 1886-இல் தொடங்கிய பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. போகும்போது, வீட்டிலே இதுவரை தடவிய களிம்புகளையெல்லாம் ஒரு பையிலே எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு ஒன்றையும் மறைக்க வேண்டாம். நான் மறைக்கப் பார்த்தேன். மகள் காட்டிக் கொடுத்துவிட்டாள்.