எண்ணும் நம் உரிமையே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுத்தறிவின் மேன்மையை நாம் பலகால் பேசியுள்ளோம். இன்று எண்ணறிவைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

நம் முன்னோர் உழுதனர், நட்டனர், களத்தில் நெல்லைக் குவித்தனர். கணக்கேடு மட்டும் கர்ணத்தின் கையில் இருந்தது. எண்சுவடி ஓதிய திண்ணைப் பள்ளி, சேரிப் பிள்ளைகளுக்கு இடம் தரவில்லை. உழைத்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர் என்றிருந்ததால், பட்ட கடன் தீர்ந்ததா என்று அறியாமலே படியாட்களாய் மாண்டோர் பலர்.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் அவல நிலையை அரசுக்கு அறிக்கையாய் எழுதினார். அதன் பயனாய் 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது. அதன் பின்னரும் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஆயினும் நிலம் கைமாறியது. ஆதிக்கமும் வஞ்சமும் அதற்குக் காரணம். பத்திரத்தில் கண்ட எண்ணைப் படிக்கும் வாய்ப்பு நமக்கு மறுக்கப்பட்டிருந்தமை அவ்வஞ்சத்திற்குத் துணையாயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்க மக்கள் போராடினர். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர்.

அவர்கள் உயிர் கொடுத்துக் காத்த உரிமையை நாம் எண் தெரியாமல் இழக்கலாமா? பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதுகின்றனர். நாமோ ஏக்கர், சென்ட் என்று பேசுகிறோம். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். 40 ஏர் நிலத்தை 40 சென்ட் என்று ஒருவர் சொல்ல, நாம் நம்பினால், ஏறத்தாழ 59 சென்ட் பேச்சிலேயே பறிபோகும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி சிறிதாய்த் தோன்றும். ஆண்டுக்கு அது 36 விழுக்காடு!

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1960-களில் மிசிசிப்பியில் பாடுபட்ட ராபர்ட் மோசஸ், 1982-இல் அம்மக்களின் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். வாக்குரிமையைப் போலவே கணிதமும் குடிமக்களின் உரிமை என்பது அவர் கொள்கை.

"உனக்குக் கணக்கு வராது" என்ற சொல்லைக் கேட்டுக் கணிதப் பிரிவை விட்டு விலகிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அச்சொல் இயற்கையின் விதியன்று. பழைய திண்ணையின் எதிரொலியே ஆகும்.

இளைஞர்களே! மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். பெண் பிள்ளைகளை முன் வரிசையில் அமர்த்துங்கள். வீட்டுப் பட்டாவையே பாடநூலாய்க் கொள்ளுங்கள். நம் நிலத்தை நாமே அளப்போம். நம் கணக்கை நாமே எழுதுவோம்.