மண் நின்றால் கடை நிற்கும்



2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. காடு வெட்டிய சரிவுகளின் மண் ஆற்றிலும் அணையிலும் போய்ச் சேர்வதுதான் கேமரன் மலையின் பழைய நோய்.

அந்தச் சரிவுகளை இன்று வானிலிருந்து கவனிக்க முடியும். காப்பி விளையும் சிக்மகளூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவைஸ் அகமது, மாணவராக இருந்தபோதே நண்பர் க்ஷிதிஜ் கண்டேல்வாலுடன் 2019-இல் 'பிக்ஸல்' நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மூன்று 'ஃபயர்ஃப்ளை' செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டன. அவை ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகளாகப் பிரித்துப் பதிவு செய்கின்றன. பயிரின் வாட்டமும் மண்ணின் மாற்றமும் கண்ணுக்குத் தெரியுமுன் அதில் தெரியக்கூடும்.

பெரிய தேயிலைத் தோட்டம் இதை விலை கொடுத்து வாங்கிவிடும். இரண்டு ஏக்கரில் முட்டைக்கோஸ் போடுபவர் என்ன செய்வார்? கடல் கடந்து வரும் நிறுவனத்தின் வளர்ச்சியை இந்தக் கேள்வியால்தான் அளக்க வேண்டும்.

வியாபாரிகளாகிய நாம் சிறு தோட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து ஒரே சந்தாவாக வாங்கலாம். படம் சொல்வதைத் தமிழிலும் மலாயிலும் விளக்கலாம். உரமும் பூச்சிமருந்தும் குறைவாக விற்கும். ஆனால் சரிவில் மண் நிற்கும். மண் நின்றால்தான் நம் கடையும் நிற்கும்.