கருங்காலி என்ற சொல்லும் புளியந்தோப்பின் நிலமும்



எந்தத் தோழரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் மேடையில் தன்னைப் புகழ விடாதவர். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அந்த விதியை மீற எங்களுக்கு மனமில்லை. அவர் கடைசிவரை நடந்து திரிந்த புளியந்தோப்பைப் பற்றிப் பேசுகிறோம். ‘நாங்கள்’ என்று சொல்வது மேடைப் பன்மை அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி என்று வீடு வீடாகப் போய் மில் காலத்துக் காகிதங்களையும் கதைகளையும் சேர்த்துவரும் சிறு குழு நாங்கள். எங்களில் பாதிப் பேர் அந்தத் தெருக்களிலேயே பிறந்தவர்கள்.

வெளியூர் மாணவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ட்ரல் நிலையத்துக்கு வடமேற்கே, பேசின் பிரிட்ஜ் ரயில் பாதைகளுக்கும் பெரம்பூருக்கும் இடையில் கிடக்கும் தாழ்ந்த நிலம் இது. ஓட்டேரி நல்லா இதைக் கடந்துதான் பக்கிங்ஹாம் கால்வாயில் போய்ச் சேர்கிறது. நல்லா என்றால் இந்துஸ்தானியில் ஓடை. நம் காதில் விழுகிற அர்த்தத்தில் அதில் நல்லது ஒன்றும் மிச்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டுத்தொட்டி இங்கே. மில் இங்கே. ரயில்வே பட்டறைகள் பக்கத்தில். நகரத்துக்குத் தேவையான, ஆனால் நகரம் தன் மூக்குக்கு அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத வேலைகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்தன. அந்த வேலைகளோடு யார் வந்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களைப் போலச் சமூகவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கால்வாயின் பெயரையும் மில்லின் பெயரையும் கவனியுங்கள். இரண்டும் பக்கிங்ஹாம். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர். அவர் காலத்தில்தான் தாது வருடப் பஞ்சம் வந்தது. சுற்று மாவட்டங்களிலிருந்து சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சென்னைக்கு நடந்து வந்தவர்களை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்ட வைத்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில்லும் அதே பத்தாண்டில் எழுந்தது. அடுத்து கர்நாடிக் மில். ஆக, பஞ்சத்துக்குத் தப்பி வந்த நிலமற்ற கூலிகள், வெட்டிய கால்வாய், எழுந்த ஆலை என மூன்றும் ஒரே சமயத்தில் இந்த நகரத்துக்குள் வந்தன. கால்வாய்க்கும் ஆலைக்கும் கவர்னரின் பெயர் கிடைத்தது. கூலிகளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. ஊரிலிருந்து சுமந்து வந்த பெயர் அது.

ஆலைக்குள் என்ன நெய்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். காக்கி. ராணுவத்துக்கும் போலீசுக்கும் சீருடைத் துணி. வேலைநிறுத்தக்காரர்களை அடித்த போலீஸ்காரன் உடுத்தியிருந்ததும் அவர்கள் நெய்த துணியாக இருந்திருக்கலாம்.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. அதன் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆரம்ப காலப் போராட்டங்களில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் நின்றார்கள். 1920 அக்டோபரில் கதவடைப்பு வந்தது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு. கம்பெனி வாடியா மீது வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கின் அதிர்ச்சியிலிருந்துதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. இவ்வளவும் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிடும் வரலாறு.

பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துபோவது 1921. அந்த ஆண்டு மே மாதத்தில் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் பக்கிங்ஹாம் மில்லிலும் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வெளியேறவில்லை. எம்.சி. ராஜா அவர்களை வேலைக்குப் போகச் சொன்னார். ஜூன் இறுதியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. அதன் பிறகு இரு தரப்பிலும் அடி, வெட்டு, தீ. ஆகஸ்ட் 29இல் போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்தார்கள். வீடிழந்த ஆதிதிராவிடர்களை அரசாங்கம் முகாமில் வைத்துச் சோறு போட்டது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. ‘ஆதிதிராவிடர்கள் கருங்காலிகளானதால் போராட்டம் தோற்றது’ என்ற ஒற்றை வரி மட்டும் நூறு வருடம் நிலைத்துவிட்டது. எங்களில் ஒருவர் அந்த வரியைக் கல்லூரி வகுப்பில் முதல்முறை கேட்டபோது, அது தன் தெருவைப் பற்றியது என்று அவருக்கு உடனே உறைக்கவில்லையாம். அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

ஏன் அவர்கள் வெளியேறவில்லை? மாதக்கணக்கான கதவடைப்பு முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேலைநிறுத்தக் காலத்தை ஒரு சாதி இந்துத் தொழிலாளி எப்படிக் கடத்துவார்? ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கலாம். நிலம் இல்லையென்றாலும் உறவினர் வீடு இருக்கும். தெருமுனைக் கடைக்காரர் கடன் தருவார். அவரும் அதே சாதி, இல்லையென்றால் பக்கத்துச் சாதி. சேரிக்காரருக்கு இதில் எது இருந்தது? ஊருக்குத் திரும்பினால் பண்ணையடிமை வாழ்க்கை. அதிலிருந்து தப்பித்துத்தானே மில்லுக்கு வந்தார்கள்? எல்லோருக்கும் ஒரே நாளில் கூலி நின்றது உண்மை. எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் அடுப்பு அணையவில்லை என்பதும் உண்மை. அந்த இடைவெளிக்குப் பெயர்தான் சாதி. சங்கம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் நாங்களும் ஒரு ஒற்றை வரியைத்தான் எழுதுகிறோம் என்று ஆகும். நிர்வாகம் புனிதர் வேடம் போட்டதை மறைக்கக் கூடாது. ஆதிதிராவிடர் மீது கம்பெனிக்குத் திடீரென்று வந்த பாசம் தறி ஓட வேண்டும் என்பதற்காக வந்த பாசம். காலனி அரசும் பிளவைத் தனக்கு வசதியாக்கிக்கொண்டது. எம்.சி. ராஜா இந்த இரண்டையும் அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்பது எங்கள் குழுவில் சிலரது கருத்து. தன் மக்களைப் பட்டினிக்கும் பகைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது மற்றவர்கள் கருத்து. நாங்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை: தீர்மானிக்கும் அளவு பலம் இருந்த எந்தத் தரப்பும் அன்று சேரியின் பக்கம் இல்லை. சாதி இந்துத் தொழிலாளர்கள் பக்கம் நின்ற நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார், ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்தலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொன்னார். பிராமணரல்லாதார் என்ற குடைக்குள் நமக்கும் இடம் உண்டு என்று நம்பியிருந்த ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். நகரத்தை விட்டே அப்புறப்படுத்துவது என்ற இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வினோதமும் உண்டு. அந்தக் காலச் சென்னை மாகாணத்தில் ‘லேபர்’ இலாகாவின் முக்கிய வேலையே ஒடுக்கப்பட்ட வகுப்பாரைக் கவனிப்பது. நம் பிள்ளைகள் படித்த பள்ளிகளை லேபர் ஸ்கூல் என்றுதான் எங்கள் தாத்தாக்கள் சொன்னார்கள். அரசாங்கத்தின் அகராதியில் தொழிலாளர் என்றால் ஆதிதிராவிடர். தொழிலாளர் வரலாற்றின் அகராதியிலோ ஆதிதிராவிடர் என்றால் தொழிலாளர் ஒற்றுமையைக் கெடுத்தவர்.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சில வருடம் கழித்து, 1928 பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். அங்கே நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களுக்கு இடமில்லை. ஊடத்தில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், ஆகவே தீட்டு. இந்த அநீதியைச் சங்கம் தன் கோரிக்கைகளில் சேர்க்காதவரை எங்கள் மக்கள் எதற்கு உங்களோடு பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். வர்க்கமா சாதியா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிற மாணவத் தோழர்கள் அந்த ஊடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மில் ஓடியது. மில் சங்குதான் எங்கள் தெருக்களுக்குக் கடிகாரம். எந்த ஷிப்டுக்கு யார் போகிறார்கள் என்பதை வைத்தே சமையல், குழாயடிச் சண்டை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடந்தன. மில் சம்பளத்தில் மகனையும் மகளையும் படிக்க வைத்த குடும்பங்கள் புளியந்தோப்பில் நிறைய. அந்தச் சம்பளத்துக்குள் 1921இன் தீயும் இருக்கிறது என்பதைப் பேச எங்கள் பெரியவர்கள் தயங்குவார்கள். 1996இல் மில் நிரந்தரமாக மூடப்பட்டது. சங்கு நின்ற பிறகு என்ன நடந்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், சினிமாவில். கதாநாயகன் வில்லனின் ஆட்களைப் பந்தாடுவாரே, ஒரு பாழடைந்த ஆலை, உடைந்த கண்ணாடி, தூசி! அநேகமாக அது எங்கள் மில்தான். எங்கள் தாத்தாக்கள் நின்று வேலை செய்த இடத்தில் டூப் நடிகர்கள் விழுந்து எழுந்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் வானளாவும் அடுக்குமாடிகள். 60 ஏக்கருக்கு மேற்பட்ட ஆலை நிலம் வீட்டுமனைச் சந்தைக்குப் போய்விட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை ஓட்டேரி, பட்டாளம் வழியாக வருகிறது. பத்திரிகைகள் இதை வடசென்னையின் மறுமலர்ச்சி என்று எழுதுகின்றன. மெட்ரோ வரட்டும், எங்களுக்கும் கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுமலர்ச்சி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சொல்லை நாங்கள் பார்த்துவிட்டோம். பெரம்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போய் அமைச்சரானவர் அன்னை சத்தியவாணி முத்து. அவர் பெயரைத் தாங்கி நின்ற கூவக்கரைக் குடியிருப்பு, நதிச் சீரமைப்பு என்ற பெயரில் 2019 கடைசியிலிருந்து இடிக்கப்பட்டது. மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பட்டியல் தெற்கே நீண்டுகொண்டே போகிறது. 1921இல் ஒரு தலைவர் சொன்ன யோசனை இன்று திட்ட அறிக்கையின் மொழியில் நிறைவேறுகிறது.

அந்த இடத்திலேயே வீடு கட்டித் தந்தால்? அதையும் பார்த்தோம். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021இல் மக்கள் குடியேறிய வேகத்தில் சுவர் பூச்சு கையோடு உதிர்ந்து வந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆலை நிலத்தில் எழும் சுவரை யாராவது விரலால் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்குமா?

எங்கள் பக்கத்தில் நடக்கும் மறுமலர்ச்சி விளம்பரப் பலகையில் வருவதில்லை. வியாசர்பாடித் திடலில் அதிகாலையில் ஆடப்படும் கால்பந்து அது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா 2018இல் சாதியற்ற கூட்டிசையின் மேடையில் தலைநிமிர்ந்து நின்றபோது, பாடியவர்களில் பலர் எங்கள் தெருப் பையன்கள். அம்பேத்கர் மன்றங்களின் மாலை வகுப்பும் அதுதான். இதையெல்லாம் காட்டி யாரும் எங்களுக்குப் பட்டா தரப்போவதில்லை என்பதும் தெரியும். அதனால்தான் காகிதம் சேர்க்கிறோம். எதிர்பாராத இடங்களிலிருந்து வருகின்றன. ஒரு பாட்டி மில் டோக்கனைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு வீட்டில் பி.எஃப். கடிதங்கள் அரிசி டின்னுக்குள் இருந்தன. ஆலைக்கு வெளியே எத்தனை தலைமுறை இந்த நிலத்தில் வாழ்ந்திருக்கிறது என்பதற்கு இவை சான்று. ஆலை நிலத்திலும் நீர்க்கரையிலும் எதைக் கட்டினாலும், அங்கே வாழ்ந்தவர்களுக்கு அங்கேயே வீடு என்று கேட்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. அந்தக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு நினைவிடம் எழுமானால், அதில் ஆகஸ்ட் 29இல் சுடப்பட்டவர்களும் ஜூனில் வீடு எரிந்தவர்களும் ஒரே கல்லில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம். இதற்கு எங்கள் தெருவிலேயே எதிர்ப்பு இருக்கிறது. எரித்தவன் பெயருக்குப் பக்கத்தில் என் பாட்டன் பெயரா என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். அவருக்குச் சொல்ல எங்களிடம் இன்னும் சரியான பதில் இல்லை. அவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அரங்கில் மில் குடும்பத்துப் பிள்ளைகள் சிலராவது இருப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். சம்பளச் சீட்டு, டோக்கன், ரேஷன் அட்டை, குடும்பப் படம் எதுவானாலும் சரி. நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டுத்தொட்டி வாசலில் கூடி, ஓட்டேரி நல்லா கரையோடு பேசின் பிரிட்ஜ் வரை நடக்கிறோம். மழை பெய்தாலும் நடப்போம். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.