பந்தல் போடுற கைக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்

(ரமணாசிரமம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னை இன்சூரன்ஸ் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அந்த வார்த்தையைக் கேட்டதுமே பின் வரிசையில் ரெண்டு பேர் டீ குடிக்க எழுந்து போறாங்க. போயிட்டு வாங்க, தப்பில்லை. ஆனா டீ போடுற தங்கச்சிக்கும் இதில் வேலை இருக்கு, அதனால அவளையும் கையோட கூட்டிட்டு வாங்க.

நம்ம பகுதியில் என்ன தொழில் நடக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரே இருந்து அக்னி லிங்கம் வரைக்கும் நடந்து பாருங்க. ஒரு குழு பூ கட்டுது. ஒரு குழு சமையல் எடுத்துச் செய்யுது. ஒரு குழு ஷாமியானா, நாற்காலி, அண்டா, ஜமக்காளம் வாடகைக்கு விடுது. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அன்னதானப் பந்தல். மார்கழியில் ரமணர் ஜெயந்தி. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க கூட்டம் கூட்டமா வந்து தங்குறாங்க, அவங்களுக்குப் பத்து நாள், பதினைந்து நாள் சாப்பாடு. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா தனி. விழா அவங்களுது, வேலை நம்மளுது. அந்த வேலைக்குள்ள நம்ம குழுக் கடன் உட்கார்ந்திருக்கு.

அண்டா நெளிஞ்சாலும், ஷாமியானா கிழிஞ்சாலும், விழாவே நின்னு போனாலும் மாசத் தவணை தேதி மாறாது. குழுவில் ஒருத்தி கட்ட முடியலைன்னா மத்தவங்க கட்டணும். இன்சூரன்ஸ் பத்தி நான் பேசுறது இதனாலதான். ஏதோ பணக்காரங்க விஷயம்னு நினைச்சுப் பேச வரலை.

2024 டிசம்பர் 1-ஐ இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டாங்க. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச் சரிவு வந்து ஏழு பேர் போயிட்டாங்க. அதில் ஐந்து பேர் குழந்தைங்க. அந்தத் துக்கத்துக்கு முன்னாடி சரக்கு, சாமான் எல்லாம் ஒரு பேச்சே இல்லை. ஆனா உயிர் தப்பினவங்க மறுநாள் காலையில் எழுந்து வாழணுமே. டிசம்பர் 13-ஆம் தேதி மகாதீபம். அதுக்காக ஒவ்வொரு குழுவும் வாங்கி வெச்சிருந்த அரிசி, பருப்பு, துணி, விறகு எத்தனை ஈரமாச்சு, எத்தனை பேருக்கு முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த வருஷம் தீபத்தன்னைக்கு பக்தர்களை மலை ஏற விடவும் இல்லை. மலைப் பக்கம் தண்ணி, பிஸ்கட் விற்கலாம்னு சரக்கு எடுத்தவங்களுக்கு அதுவும் நஷ்டம்.

நம்ம கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவோட சாமான் குடோனுக்குள்ள அப்போ இடுப்பளவு தண்ணி. ஜமக்காளமும் துணியும் சேறு. அவங்க கடன் வாங்கும்போதே வங்கியில் பிரீமியம் பிடிச்சிருந்தாங்க, அதனால தைரியமா போய்க் கேட்டாங்க. பாலிசியை எடுத்துப் பார்த்தா, சரக்கு இருக்கும் இடம்னு தலைவியோட வீட்டு முகவரி போட்டிருக்கு. வீடு மேட்டில், குடோன் பள்ளத்தில். வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலை. அவ்வளவுதான், கிளெய்ம் நிக்கலை. அந்தப் பாலிசி காகிதத்தை அதுவரைக்கும் அந்தக் குழுவில் ஒருத்தர் கண்ணிலும் காட்டலை. எந்த வங்கி, எந்தக் கம்பெனின்னு நான் இங்க சொல்லப் போறதில்லை. நாளைக்குக் காலையில் நீங்க உங்க வங்கிக்குப் போய், "எங்க கடனுக்கு இன்சூரன்ஸ் பிடிச்சீங்களா, பிடிச்சிருந்தா பாலிசி நகல் கொடுங்க"ன்னு கேளுங்க. அது நம்ம காசு, கேட்கிறதுக்குக் கூச்சம் வேண்டாம். நகல் கைக்கு வந்ததும் முகவரி, சரக்குப் பட்டியல், தொகை, முடியுற தேதி நாலையும் படிக்கத் தெரிஞ்ச பொண்ணை விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

சின்னத் தொழிலுக்குன்னே ஒரு பாலிசி இருக்கு. 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'ன்னு பேர். பேர் வாயில் நுழையலைன்னா "சிறு தொழில் தீ, வெள்ளம் பாலிசி"ன்னு கேளுங்க. 2021 ஏப்ரல் 1-லிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் ஒரே மாதிரி வாசகத்தில் இதைத் தரணும்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்தது. ஒரு இடத்தில் 5 கோடி ரூபாய் வரைக்கும் சொத்து வெச்சிருக்கிற தொழிலுக்கு. நம்ம எல்லாரும் அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழே. தீ, இடி, புயல், வெள்ளம், மண்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடக்கம்.

இதில் ரெண்டு விஷயம் கவனமா கேளுங்க. ஒண்ணு, இது பாலிசியில் எழுதின இடத்துக்குத்தான். நம்ம சாமான் குடோனில் தூங்குற நாளைவிட குட்டியானை வண்டியில் போற நாளும், மண்டப வாசலில் கிடக்கிற நாளும் அதிகம். போற வழியில் வண்டி கவிழ்ந்தா என்ன, விழா நடக்கிற இடத்தில் தீப்பிடிச்சா என்ன, திருடு போனா என்னன்னு ஏஜென்ட்கிட்ட தனித்தனியா கேட்டு, வேணும்னா அதுக்கும் சேர்த்துப் போடச் சொல்லணும். "எல்லாம் இதிலேயே வரும்மா"ன்னு அவர் சொன்னா, "எந்தப் பக்கத்தில் இருக்கு, காட்டுங்க"ன்னு சொல்லுங்க. திருட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பூட்டை உடைச்சுத் திருடினா ஒரு கணக்கு, திறந்த பந்தலிலிருந்து ஆறு நாற்காலி காணாமப் போனா வேற கணக்கு. ரெண்டாவதுக்குப் பெரும்பாலும் பணம் வராது.

இன்னொண்ணு, சரக்கோட மதிப்பைக் குறைச்சுச் சொல்றது. பிரீமியம் குறையும்னு நாம செய்றதுதான். உங்ககிட்ட 4 லட்ச ரூபாய்க்குச் சாமான் இருக்கு, 2 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்தீங்கன்னு வெச்சுக்குவோம். 1 லட்சத்துக்குச் சாமான் எரிஞ்சு போச்சு. "பாலிசிதான் 2 லட்சத்துக்கு இருக்கே, 1 லட்சம் முழுசா வரும்"னு நினைப்போம். வராது. பாதிக்குத்தானே காப்பீடு செஞ்சீங்க, நஷ்டத்திலும் பாதிதான்னு 50 ஆயிரத்தில் நிறுத்துவாங்க. அதிலிருந்தும் நாம ஏத்துக்க வேண்டிய ஒரு சின்னத் தொகையைக் கழிப்பாங்க. 15 சதவீதம் வரைக்கும் மதிப்பு குறைஞ்சிருந்தா சூக்ஷ்ம பாலிசியில் மன்னிச்சு விடுவாங்க, அதுக்கு மேல கிடையாது. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை சாமானை எண்ணி நோட்டில் எழுதுங்க. தீர்மான நோட்டு எழுதுற அதே கை எழுதினா போதும். பில்லை ஒரு பையில் போட்டு வைங்க. போனில் படம் எடுத்து குரூப்பில் போடுங்க, நோட்டு நனைஞ்சாலும் படம் நனையாது.

இதுவரைக்கும் சொன்னது நம்ம சாமானுக்கு. நம்மளால மத்தவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வீடியோ எடுக்கிற விளக்கோட வயரில் பொறி வந்து கீத்துப் பந்தல் பிடிச்சுக்கிச்சு. மாப்பிள்ளையும் சேர்த்து ஐம்பதுக்கும் மேல செத்துப் போனாங்க. அதே வருஷம் ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைங்க. கீத்தும் நெருப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தா என்ன ஆகும்னு தமிழ்நாடே அந்த வருஷம் பார்த்தது. பந்தல் போடுறவங்க, லைட் செட் வைக்கிறவங்க, சமைக்கிறவங்க நாம. இப்படி ஒண்ணு நடந்தா முதல் கேள்வி நம்மகிட்டதான் வரும். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லலை. தீ வராமப் பார்க்கிறதுதான் முதல் வேலை, பாலிசி அதுக்கு அப்புறம்தான். அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவில் இடம் விடுங்க, மணல் வாளியும் தண்ணியும் பக்கத்தில் வைங்க, ஒட்டுப் போட்ட வயரைத் தூக்கிக் குப்பையில் போடுங்க.

அடுத்தவங்களுக்கு ஏற்படுற காயம், நஷ்டம், நாம சமைச்ச சாப்பாட்டால வர்ற உபாதை இதுக்கெல்லாம் பொறுப்புக் காப்பீடுன்னு தனி பாலிசி இருக்கு. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவுன்னு ரெண்டு எண் அதில் இருக்கும். சாப்பாடு அதில் சேர்ந்திருக்கான்னு தனியா கேளுங்க, சில பாலிசியில் அது இருக்காது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்காத சமையல் குழு முதலில் அதை எடுங்க. வெளிநாட்டுக் கூட்டத்துக்குச் சமைக்கப் போன இடத்தில் எங்க குழுவைப் பார்த்து, "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. அவங்க ஊரில் அந்தக் காகிதம் இல்லாத சமையல்காரரை மண்டபத்துக்குள்ளயே விட மாட்டாங்களாம். நாளைக்கு இங்கேயும் அப்படி ஆகலாம். அப்போ காகிதம் இருக்கிற குழுவுக்குத்தான் ஆர்டர்.

நம்ம நாட்டிலேயே பார்க்கணும்னா மும்பையைப் பாருங்க. கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டலம் பிள்ளையார் சதுர்த்திக்கு 2025-இல் எடுத்த பாலிசி 474 கோடி ரூபாய்க்கு. சாமி நகைக்காகத்தான் இவ்வளவுன்னு நினைப்பீங்க. இல்லை. அதில் பெரிய பங்கு, 375 கோடி, மனுஷங்களோட விபத்துக் காப்பீடு. தொண்டர், அர்ச்சகர், சமையல்காரர், செருப்புப் பார்த்துக்கிறவர் வரைக்கும் எல்லாரும் அதில் உண்டு. அந்த எண் நமக்கு வேண்டாம், யாரையெல்லாம் சேர்த்தாங்கங்கிறதைப் பாருங்க.

கேஸ் சிலிண்டர் விஷயம் ஒண்ணு. வீட்டு சிலிண்டரை வேலைக்கு எடுத்துட்டுப் போறது சட்டப்படியே கூடாது. எண்ணெய்க் கம்பெனிங்க வாடிக்கையாளருக்குன்னு ஒரு காப்பீடு வெச்சிருக்காங்க, ஆனா சொத்துச் சேதத்துக்கு அது இணைப்பு பதிவான முகவரியில்தான். மண்டபத்தில் வெடிச்ச வீட்டு சிலிண்டருக்கு யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டர் விலை அதிகம்தான். அந்த விலையைச் சாப்பாட்டு ரேட்டில் சேருங்க.

இப்போ நம்ம உடம்பு. கொதிக்கிற சாம்பார் அண்டாவை ரெண்டு பேர் தூக்குறோம், ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்டோரம் பாத்திரம் கழுவுறோம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் வருஷத்துக்கு 20 ரூபாய். ஒரு முழம் பூ விலை. வங்கிக் கணக்கு இருக்கிற 18 முதல் 70 வயது வரைக்கும் யாரும் சேரலாம். விபத்தில் இறந்தாலோ, முழுசா நிரந்தர ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். ஜீவன் ஜோதி திட்டம் வருஷத்துக்கு 436 ரூபாய், சேர வயது 18 முதல் 50, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளைக்குள் விபத்தில் இல்லாம இறந்தா மட்டும் கிடைக்காது. ரெண்டுக்கும் வருஷம் ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடியும். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லைன்னா பாலிசி போச்சு. நம்ம ஆளுங்க அந்த வாரம்தான் பள்ளிக்கூடச் செலவுக்குக் கணக்கைத் துடைச்சு எடுக்கிறாங்க. மே 15-ஆம் தேதிக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசணும்னு நான் கேட்டுக்கிறேன். பாம்பு கடிச்சாலும் விபத்துதான், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன சீட்டு வேணும். மந்திரிக்கப் போயிட்டு வந்து கேட்டா தர மாட்டாங்க.

கூலிக்கு ஆள் வெச்சு வேலை வாங்குற குழுவுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கு. வேலை செய்யும்போது தொழிலாளிக்கு அடிபட்டா முதலாளி நஷ்டஈடு தரணும்கிற சட்டம் 1923-லேயே வந்தது. நாற்பது பேருக்கு இலை போட ஒரு பையனைக் கூப்பிட்டா அந்த ஒரு நாளைக்கு நீங்களும் முதலாளிதான், ஞாபகம் வெச்சுக்குங்க.

நஷ்டம் ஆனா என்ன செய்யணும்? சுத்தம் பண்றதுக்கு முன்னாடி படம் எடுங்க. அன்னைக்கே கம்பெனிக்குச் சொல்லி, புகார் எண்ணைக் குறிச்சுக்குங்க. தீன்னா தீயணைப்பு நிலைய அறிக்கை, திருட்டுன்னா போலீஸ் எஃப்.ஐ.ஆர்., வெள்ளம்னா கிராம நிர்வாக அலுவலர் சான்று. சர்வேயர் வருவார், அவருக்குச் சம்பளம் கம்பெனி தருது, நீங்க எதுவும் தர வேண்டாம். ஒரு வாய் காபி கொடுக்கலாம்.

நியாயமில்லாம மறுத்தாங்கன்னா எழுத்தில் காரணம் கேளுங்க, கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள போகணும். 50 லட்ச ரூபாய் வரைக்கும் விசாரிப்பாங்க, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். தனி ஆள் பேரில் எடுத்த பாலிசி மட்டும் இல்லை, குறுந்தொழில் பாலிசியும் அங்க எடுத்துக்குவாங்க. ஒழுங்குமுறை ஆணையத்தோட இலவச எண் 155255.

தனித்தனியா ஒவ்வொரு குழுவும் ஏஜென்ட் முன்னாடி நின்னா அவர் சொல்றதுதான் விலை. ஷாமியானா, பாத்திரம், சமையல் குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு வழியா நாலு கம்பெனியில் விலைப்புள்ளி வாங்கலாம்னு செயற்குழுவில் பேசியிருக்கோம். அதுக்கு முதலில் கணக்கு வேணும். வாசல் மேசையில் ஒரு படிவம் வெச்சிருக்கு. குழுப் பேர், சாமான் இருக்கும் இடம், சாமான் பட்டியல், மதிப்பு, எத்தனை பேர் வேலை செய்றீங்க, 20 ரூபாய் திட்டத்தில் எத்தனை பேர் இருக்கீங்க, இவ்வளவுதான். எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம கணக்காளர் தங்கச்சிங்க ரெண்டு பேர் உட்கார்ந்து எழுதித் தருவாங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள படிவம் வந்து சேரணும். டீ குடிக்கப் போனவங்ககிட்ட பக்கத்தில் இருக்கிறவங்க சொல்லிடுங்க.