கொடுக்கிறது எதுக்காக?

கிறிஸ்தவங்க தர்மம் செய்யறது எதுக்காகனு பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நம்ம அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் இருந்த அடைக்கல மாதா கோயில் இருக்கு. அந்தக் காலத்தில் அரியலூரை ஆண்ட மழவராயர், தனக்கு வந்த கட்டி குணமானதும் நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்னு கோயில் வரலாறு சொல்லுது. இன்னைக்கும் நேர்ச்சை செலுத்த எல்லா மதத்துக்காரங்களும் அங்க வர்றாங்க. நன்றிக்குக் கொடுக்கிறது நல்லதுதான். ஆனா நமக்கு நல்லது நடந்தால்தான் கொடுப்போம்னு இருந்தால், பசியோட இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க அதுவரைக்கும் காத்திருக்கணுமே!

எருசலேமில் கஷ்டப்பட்ட ஏழைகளுக்காகப் பவுல் அடியார் கொரிந்து நகரத்து சபைக்கு ஒரு வழி சொன்னார். வாரத்தின் முதல் நாளில் அவங்கவங்க வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கணும். சேர்ந்த பணத்தை சபையே தேர்ந்தெடுத்த ஆட்கள் கொண்டு போகணும். நம்ம வாரச் சேமிப்பு மாதிரியே இருக்கு பாருங்க! வருத்தத்தோடயோ கட்டாயத்துக்காகவோ கொடுக்க வேண்டாம்னும் அவர் எழுதினார்.

மிசோரம் மாநிலத்தில் சபைப் பெண்கள் 1910-லிருந்து சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கிறாங்க. அதைச் சேர்த்து விற்று சபைப் பணிகளுக்குக் கொடுக்கிறாங்க. அடுப்படியில் எடுத்து வைக்கிற அரிசியை யார் பார்க்கப் போறாங்க? அதில் பேருக்கு இடமே இல்லை. வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரிய வேண்டாம்னு இயேசு சொன்னதும் இதுதான்.

இதை ஏன் இங்க சொல்றேன்னா, ஒரு குழுவில் ஒரு அக்காவால் தவணை கட்ட முடியலை. மத்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினாங்க. அடுத்த கூட்டத்தில் ஒருத்தர் அதை எல்லார் முன்னாடியும் சொல்லிக்காட்டிட்டாங்க. அந்த அக்கா மூணு வாரம் கூட்டத்துக்கே வரலை. கடன் அடைஞ்சுது, ஆனா ஆள் தலைகுனிஞ்சு போச்சு. உதவினவங்க மனசு நல்ல மனசுதான். சொல்லிக்காட்டின அந்த ஒரு வார்த்தை எல்லாத்தையும் கெடுத்திடுச்சு.

அதனால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். உதவி நிதிக்கு வந்த பணம், போன பணம் எல்லாத்துக்கும் நோட்டில் கணக்கு இருக்கட்டும். தணிக்கைக்கு அது வேணும். ஆனா உதவி வாங்கினவங்க பேரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். கணக்கு திறந்திருக்கட்டும், வாங்கினவங்க மானம் மூடியிருக்கட்டும்.

இன்னைக்கு கொடுக்கிற கை நாளைக்கு வாங்குற கையாகலாம். அன்னைக்கு நம்மளை எப்படி நடத்தணும்னு நினைக்கிறோமோ, அப்படியே இன்னைக்குக் கொடுப்போம்.