கூடம் கட்டுமுன் இஞ்சினீயரைத் தேடுவோம்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து அமைத்த கட்டடக் குழுவின் கூட்டத்தில் பேசியது)

நம் கூடத்துக்கு நிலம் கிடைத்துவிட்டது. ஆலைத் தோழர்கள் போனஸிலிருந்து கொடுத்ததும், காட்டு வேலைக்குப் போகும் தோழர்கள் கூலியிலிருந்து கொடுத்ததும் பாங்கியில் இருக்கிறது. சாயங்காலம் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கவும், மழையிலும் கூட்டம் நடத்தவும் நமக்கென்று ஓர் இடம் வரப்போகிறது.

"இனி என்ன? மேஸ்திரியைக் கூப்பிட்டு வானம் தோண்ட வேண்டியதுதானே! இஞ்சினீயருக்குக் கொடுக்கிற பணத்துக்குச் சிமிண்ட் வாங்கலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. பல வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் இதே வார்த்தைகளைப் பேசியவன் நான்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே இஞ்சினீயர் இல்லாமல் ஒரு படிப்பகம் கட்டினோம்.

மேஸ்திரி நாணயஸ்தர். எத்தனையோ வீடுகள் கட்டியவர். வீட்டுக்குக் கட்டுகிற மாதிரியே கம்பி கட்டினார். ஆனால் வீட்டு அறை பத்தடி அகலம். எங்கள் கூடம் பதினெட்டு அடி. நடுவில் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. வாசலில் மழைக்கு ஒதுங்குவதற்காகத் தளத்தை ஐந்தடி வெளியே நீட்டினோம். நிலமோ கரிசல். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதற்கென்று அஸ்திவாரம் போடவில்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு. தளம் நடுவில் தொய்ந்துவிட்டது. அப்புறம்தான் ஓர் இஞ்சினீயரை அழைத்து வந்தோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "முதலில் உள்ளே இருக்கிற குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். பிறகு பேசலாம்" என்றார். அன்றே பூட்டினோம். சில நாட்களில் வாசலில் நீட்டியிருந்த தளம் இரவோடு இரவாக இடிந்து விழுந்தது. கீழே ஆள் இல்லாததால் உயிர் போகவில்லை.

களை எடுக்கிற கூலியில் சேர்த்துப் பணம் கொடுத்த ஓர் அம்மா மறுநாள் என்னிடம் வந்தார். "ஏனுங்க தோழர், எங்க கூலிக் காசுக்குப் பூட்டுப் போட்டுட்டீங்களே?" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கே தவறினோம்? கான்கிரீட் நசுக்குவதை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இழுப்பைத் தாங்குவது கம்பி. இரண்டு சுவர் மேல் கிடக்கிற தளம் பாரத்தினால் கீழ்நோக்கி வளைகிறது. அதன் அடிப்புறம் இழுபடுகிறது. ஆகவே கம்பி அடியில் இருக்க வேண்டும். சுவருக்கு வெளியே நீட்டிய தளத்தில் முனை தாழ்கிறது; மேற்புறம் இழுபடுகிறது. அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி மேலேதான் கட்டினார். கான்கிரீட் கொட்டும்போது சட்டி தூக்கியவர்கள் அதன் மேலேயே நடந்தோம். கம்பி கீழே அமுங்கிவிட்டது. நடந்தவர்களில் நானும் ஒருவன். "நிறுத்து" என்று சொல்ல விஷயம் தெரிந்த ஓர் ஆள் அங்கே இல்லை.

தோழர்களே, கட்டடம் இடிந்தால் யார் சாகிறார்கள்? 2014 ஜூன் 28இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். 2019 டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய உயர்ந்த மதில் விடியுமுன் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் தலித் மக்கள். மவுலிவாக்கத்தில் அனுமதி பெற்ற பிளான் இருந்தது. ஆகவே காகிதமும் கையெழுத்தும் மட்டும் போதா. கணக்குப் போடுகிறவர் வேண்டும்; அந்தக் கணக்குப்படி வேலை நடக்கிறதா என்று நேரில் வந்து பார்க்கவும் வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினீயர் என்று பெயர். அறை எங்கே, ஜன்னல் எங்கே என்று பிளான் வரைகிறவர் வேறு. மண் எவ்வளவு தாங்கும், தூண் என்ன கனம், கம்பி எத்தனை என்று முடிவு செய்கிறவர் இவர்.

அவரை எங்கே தேடுவது? முதலாவது, உள்ளாட்சி அலுவலகம். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினீயர்களைப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. பதிவு செய்தவர்கள் யார் என்று கேளுங்கள். இரண்டாவது, இஞ்சினீயரிங் கல்லூரிகளின் சிவில் பிரிவு. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945 முதல் இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆசிரியர்களிடம் போய் ஆலோசனை கேட்கலாம்; மண் பரிசோதனைக்கும் வழி கேட்கலாம். மூன்றாவது, பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர்கள். ஆனால் ஒன்று: சாலை போட்டவரெல்லாம் தளத்துக்குக் கணக்குப் போட்டவர் ஆகமாட்டார். "நீங்கள் கணக்குப் போட்ட கூடம் ஒன்றைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். போய்ப் பாருங்கள்.

நான்காவது, குறைந்த செலவில் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். பக்கத்திலுள்ள கேரளத்தில் 1985இல் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. கம்யூனிஸ்ட் முதலமைச்சராக இருந்த அச்சுத மேனனும், லாரி பேக்கரும் அதை நிறுவியவர்களில் உண்டு. பேக்கர் இங்கிலாந்தில் பிறந்து, நம் நாட்டிலேயே வாழ்ந்து, 2007இல் மறைந்தவர். திருவனந்தபுரம் தம்பானூரில், தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் இந்தியன் காபி ஹவுஸுக்காக அவர் செங்கல்லால் எழுப்பிய வட்டக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

அவர்கள் செலவைக் குறைத்தது கண்மூடித்தனமாக அல்ல. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' சுமார் கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும். தளத்தின் அடிப்புறக் கான்கிரீட் இழுப்புக்கு உதவாது என்று பார்த்தோம் அல்லவா? அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்துக் கான்கிரீட்டை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஓட்டை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று கணக்குத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே சிக்கனத்துக்கு எதிரி இஞ்சினீயர் அல்ல. தெரியாத பயத்தில் கம்பியை அள்ளிப் போடுவதும், தெரியாத தைரியத்தில் குறைத்துப் போடுவதும்தான் வீண் செலவு.

அவரிடம் போகும்போது நம் பக்கமும் தயாராக இருக்க வேண்டும். கையில் எவ்வளவு பணம் உண்டு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். எத்தனை பேர் கூடுவோம் என்று சொல்லுங்கள். பின்னால் மாடி கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். வீட்டு மாடித் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கு எடுக்கிறார்கள். நாற்காலி பதிக்காத கூட்ட மண்டபத்துக்கு அது 500 கிலோ. வீட்டுக் கணக்கில் அஸ்திவாரம் போட்டு மேலே கூட்டம் நடத்த முடியாது.

அவரிடமிருந்து வாங்க வேண்டியவை: அஸ்திவாரம், தூண், உத்தரம், தளம் ஆகியவற்றுக்குக் கம்பி விவரத்துடன் கையெழுத்திட்ட வரைபடம். அவர் நேரில் வர வேண்டிய நாட்கள்: அஸ்திவாரக் குழி தோண்டியதும் ஒரு நாள், ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன் கம்பி கட்டி முடிந்ததும் ஒரு நாள், தளத்துக்கு முட்டுப் பிரிக்குமுன் ஒரு நாள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இலவசமாகச் செய்யச் சொல்லலாமே" என்று ஒரு தோழர் கேட்டார். அவராக முன்வந்தால் நன்றியோடு ஏற்போம். நாமாகக் கேட்கக் கூடாது. கூலிக்காகப் போராடுகிற நாம் இன்னொருவர் உழைப்பை ஓசியில் கேட்பது நியாயமா? கட்டணத்தை முன்கூட்டிப் பேசுவோம், தவணையாகக் கொடுப்போம், ரசீது வாங்குவோம். பணம் கொடுத்தால்தான் "நாளை வாருங்கள்" என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

தோழர்களே! வரும் வாரம் மூன்று பேர் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகட்டும். அதில் ஒருவர் பணம் கொடுத்த பெண் தோழராக இருக்கட்டும். நம்முடைய மேஸ்திரியும் கூடவே போகட்டும். அவர் கை வேலையும் இஞ்சினீயர் கணக்கும் சேர்ந்தால்தான் கட்டடம் நிற்கும். அதுவரை ஒரு கூடை மண்ணையும் எடுக்க வேண்டாம்.

கூடம் ஒரு மாதம் தாமதமாகத் திறந்தால் குற்றமில்லை. திறந்த கூடத்தை மறுபடியும் பூட்டுகிற நிலை நமக்கு வரக் கூடாது.