அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினீர்களா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ அன்பு' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நிகழ்ச்சி படைப்பது என் தொழில். மற்றவர்கள் பேசும்போது மணியடித்து நேரத்தை நினைவூட்டும் நான், இன்று பேச்சாளர் மேசையில் அமர்ந்திருக்கிறேன். அன்பைப் பற்றி அழகாகப் பேசுவது எளிது. ஆகவே, அன்பு காட்ட நான் தவறிய ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

2021ஆம் ஆண்டு, ஜூன் மாத இறுதி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாடே முடங்கிக் கிடந்த நேரம். தினக்கூலிக் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன. அப்போதுதான் மலேசியாவில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. வாய் திறந்து கேட்க வெட்கப்படுபவர்கள் வீட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். பார்ப்பவர்கள் உணவுப் பொருள் கொண்டுவந்து கொடுப்பார்கள். இனம், சமயம் பாராமல் மலேசியர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள். "உங்கள் வட்டாரத்தில் வெள்ளைக்கொடி தெரிகிறதா, பாருங்கள்" என்று நானும் நிகழ்ச்சியில் புன்னகையோடு சொன்னேன்.

அதே வாரத்தில், நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், நான்கு வீடு தள்ளி ஒரு பாட்டி வீட்டுக் கம்பிக் கதவில் வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கியது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். நான்காம் நாள் எங்கள் மாடியில் இருக்கும் மலாய்ப் பெண் ஒருவர் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவரும் தமிழர்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் குத்திக்காட்டிப் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை இணையம் வழி நடந்த ஆராதனையில் கண்ணீர் மல்கப் பாடியவள் நான்!

நேயர்களே, நல்ல சமாரியன் உவமையைக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கேட்டிருப்பீர்கள். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் ஒருவரைக் கள்வர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆசாரியர் ஒருவர் வருகிறார், பார்க்கிறார், விலகிப் போகிறார். அடுத்து வந்த லேவியரும் அப்படியே. இருவரும் கல்நெஞ்சக்காரர்கள் என்றே ஞாயிறு பள்ளியில் படித்த காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கத் துணிவில்லை. அவர்களுக்கும் அவசர வேலை இருந்திருக்கும். என்னைப்போல அவர்களும் அது வெறும் துண்டு என்று நினைத்திருக்கலாம்.

மூன்றாவதாக வந்தவர் சமாரியர். யூதருக்கும் சமாரியருக்கும் அக்காலத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்தான் காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டுகிறார். தம் வாகன விலங்கின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு பார்த்துக்கொள்கிறார். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறார். ஒரு காசு என்பது அன்று ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார்.

இந்த உவமையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். ஒன்று, அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை. மறுநாள் தம் வேலையைப் பார்க்கப் போகிறார். தம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு, மற்றதைச் சத்திரக்காரரிடம் ஒப்படைக்கிறார். "வேலைக்குப் போகிறோம், பிள்ளைகளைப் பார்க்கிறோம், ஊருக்கெல்லாம் உதவ எங்கே நேரம்?" என்று கேட்கிறோமே, அதற்கு இதில் பதில் இருக்கிறது. எல்லாவற்றையும் நாம் ஒருவரே செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு விலகாமல் இருந்தால் போதும். மற்றொன்று, அவர் திரும்பி வருவதாகச் சொன்னார். ஒருமுறை அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். இரண்டாவது முறை அதே கதவைத் தட்டுவதுதான் கடினம். வெள்ளைக்கொடிகள் இறங்கிவிட்டன. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்கும் போய்விடவில்லை.

இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். பல சமயத்தவர் கூடி வாழும் நாடு நம்முடையது. கிறிஸ்தவர் உதவினால், மதம் மாற்ற வருகிறார்களோ என்ற ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. அந்த ஐயத்தைப் போக்கவேண்டிய கடமை எங்களுடையது. யூதர்கள் எருசலேமில் வழிபட்டார்கள், சமாரியர்கள் கெரிசிம் மலையில் வழிபட்டார்கள். அடிபட்டுக் கிடந்தவரிடம் அந்தச் சமாரியர், "நீ எங்கே வழிபடுகிறாய்?" என்று கேட்கவில்லை. உதவியைத் தூண்டிலாக்கினால் அதற்குப் பெயர் அன்பு அல்ல, வியாபாரம்.

சரி, அன்றாட வாழ்வில் என்ன செய்யலாம்? நம் குடியிருப்பின் நுழைவாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் நேப்பாளக் காவலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? அலுவலகக் கழிவறையைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் ஒரு காலை வணக்கம் சொல்லியிருக்கிறோமா? பண்டிகைக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். நம்மைத் திருப்பி அழைக்கக்கூடியவர்களைத்தான் அழைக்கிறோம். திருப்பிச் செய்ய வசதியற்றவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்பதே லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் தரும் அறிவுரை. நம் வள்ளுவப் பெருந்தகையும் 8ஆம் அதிகாரத்தில் அன்புடைமையைச் சொல்லிவிட்டு, அடுத்த 9ஆம் அதிகாரத்திலேயே விருந்தோம்பலை வைத்திருக்கிறார். அன்பு என்று சொன்ன கையோடு கதவைத் திற என்கிறார் போலும்!

அந்தப் பாட்டியின் கதவை நான் தட்டியது ஐந்தாம் நாள். மன்னிப்புக் கேட்டேன். "நீ வேலைக்குப் போற பிள்ள, ஒனக்கு ஆயிரம் சோலி" என்று சிரித்தார். அவர் வீட்டுச் சாமி மேடையில் முருகன் படம். நான் தேவாலயத்திற்குப் போகிறவள். எங்களுக்குள் அது ஒரு தடையாக வந்ததில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். மருந்து வாங்கித் தருவேன்.

2022ஆம் ஆண்டு எனக்குத் தொற்று கண்டது. ஏழு நாள் வீட்டுக்குள்ளேயே தனிமை. மூன்றாம் நாள் மதியம் கதவைத் திறந்தபோது, கம்பியில் ஒரு பை தொங்கியது. உள்ளே சூடாக ரசமும் சோறும். நான் எந்தத் துணியையும் தொங்கவிடவில்லை. இரண்டு நாளாக என் வீட்டு வாசலில் செருப்பு அசையாமல் கிடந்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார்!

நேயர்களே, கிறிஸ்தவ அன்பு எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பாட்டியின் கண்ணைத்தான் காட்டுவேன். இந்த நிகழ்ச்சி முடிந்து தொலைக்காட்சியை அடைத்ததும், வாசலுக்கு வந்து ஒருமுறை இடமும் வலமும் பாருங்கள். நான்கு வீடு தள்ளிக்கூடப் பாருங்கள்.